அண்ணா, இங்க யாருதான் எனக்கு பாஸ்?

காலேஜ் முடிச்சிட்டு நேரா பெங்களூர் ஐடி கம்பெனில வந்து இறங்குற நம்ம ஊர் பசங்க முதல் வாரத்துல சுத்தி சுத்தி இததான் கேக்குறாங்க. ஆஃபர் லெட்டர்ல ரிப்போர்ட்டிங் மேனேஜர்னு ஒருத்தர் பேரு, காலைல வீடியோ கால்ல ஸ்க்ரம் மாஸ்டர்னு இன்னொருத்தர், வேலைய சொல்றது ப்ராடக்ட் ஓனராம், அவரு அமெரிக்கால உக்காந்திருக்காரு. பாவம், குழம்பாம என்ன பண்ணுவான்.

சாஃப்ட்வேர் வேலைய எப்படி பண்ணணும்ங்குற கொள்கைய, அஜைல் மேனிஃபெஸ்டோன்னு 2001 பிப்ரவரில யூட்டால 17 பேர் கூடி எழுதுனத ட்ரெய்னிங்ல ஸ்லைடு போட்டு காட்டிருப்பாங்க, அத விடுங்க. வேலைய சின்ன சின்னதா பிரிச்சு டீமா பண்ற முறைக்குப் பேரு ஸ்க்ரம், அதுக்கு கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதுன ஸ்க்ரம் கைடு நெட்ல ஓசிலயே கிடைக்குது, 2020ல வந்த வெர்ஷன் 15 பக்கத்துக்குள்ளதான், ஒரு டீ குடிக்கிற நேரத்துல பாதி முடிச்சிடலாம். அதுல மேனேஜர்ங்குற ஆளே கிடையாது! ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்ஸ், அவ்ளோதான். டெஸ்டரும் டெவலப்பர்ஸ்லயே சேத்தி. மொத்தமே பொதுவா 10 பேருக்குள்ளதான்.

பாஸ் யாருன்னு கேக்குறத விட எந்த முடிவு யார் கைலன்னு கேட்டா எல்லாம் தெளிவாயிடும். எது முதல்ல, எது அப்புறம்னு பேக்லாக், அதாவது செய்ய வேண்டிய வேலை லிஸ்ட்டோட வரிசைய சொல்றது ப்ராடக்ட் ஓனர், அது ஒரே ஆள்தான், கமிட்டி இல்ல. ஆனா இந்த ஸ்ப்ரிண்ட்ல (ஒரு மாசமோ அதுக்கும் கம்மியாவோ போடுற ஒரு ரவுண்டு வேலை) எவ்ளோ எடுக்கலாம், எப்படி பண்ணலாம்ங்குறது முழுக்க டெவலப்பர்ஸ் கைல. நெறைய கம்பெனில இதுலதான் கோட்டை விடுறாங்க, ஸ்ப்ரிண்ட் பிளானிங் மீட்டிங்குக்கு முன்னாடியே யாருக்கு எந்த டிக்கெட்டு, அதாவது எந்த வேலைன்னு எக்ஸெல்ல போட்டு வச்சிட்டு வந்து கேமராவ ஆன் பண்றாங்க, அப்புறம் அது என்ன பிளானிங்?

ஸ்க்ரம் மாஸ்டர் வேலை பிரிச்சு குடுக்குறவர் இல்ல. உங்களுக்கு டேட்டாபேஸ் ஆக்சஸ் வரலன்னா அதுக்கு நாலு பேர தொரத்துறவர்.

இப்ப ஸ்டாண்ட்-அப், தினமும் டீம் கூடி பேசுற சின்ன மீட்டிங். 15 நிமிஷம். பாதி பேரு அவுட்டர் ரிங் ரோடு ட்ராஃபிக்ல 500டி பஸ்ல தொங்கிட்டே, "நேத்து அத பாத்தேன், இன்னிக்கும் அதேதான், நோ பிளாக்கர்ஸ்"னு மேனேஜர் காதுல விழுற மாதிரி சொல்லிட்டு ம்யூட் போட்டுருவாங்க. நேத்து என்ன, இன்னிக்கு என்ன, தடை (பிளாக்கர்) ஏதாவது இருக்காங்குற அந்த மூணு கேள்வியவே 2020ல கைடுல இருந்து தூக்கிட்டாங்க. எனக்கு புடிச்ச ஸ்டாண்ட்-அப் எதுன்னா, புதுசா சேந்த பொண்ணு "பேமெண்ட் ஏபிஐ ஸ்டேஜிங்ல டைம் அவுட் ஆகுது, என் கோடுதான் தப்பான்னு தெரியல"ன்னு தயங்கி தயங்கி சொல்ல, டெஸ்டர் பையன் உடனே "ஏய் எனக்கும் நேத்து சாயந்திரத்துல இருந்து அதேதான், நெட்வொர்க் டீம் ஏதோ ஃபயர்வால்ல கை வச்சிருக்காங்க"ன்னான். ஒரு நாள் முழுக்க அவ தலைய பிச்சிக்க வேண்டியது அங்கயே முடிஞ்சிது. சொல்றது பக்கத்துல இருக்குறவனுக்கு, மேனேஜருக்கு இல்ல.

ஒரு வேலை எவ்ளோ பெருசுன்னு குத்துமதிப்பா போடுற நம்பர்தான் ஸ்டோரி பாயிண்ட், அது ஸ்க்ரம் கைடுல எங்கயுமே இல்ல, தெரியுமா? பிளானிங் போக்கர்னு ஜேம்ஸ் கிரென்னிங் 2002ல சொன்ன முறைல எல்லாரும் நம்பர் போட்ட கார்ட ஒரே நேரத்துல காட்டணும், ஏன்னா சீனியர் வாயத் தொறந்து மூணுன்னுட்டா ஃப்ரெஷர் எவனும் எட்டு சொல்லமாட்டான். ரெண்டு போட்டவனும் பதிமூணு போட்டவனும் ஏன்னு பேசுறப்பதான் விஷயமே வெளிய வரும், நம்பர் அப்புறம். அந்த பாயிண்ட இத்தனை மணி நேர வேலைன்னு மாத்தி அப்ரைசல்ல கொண்டு போய் வைக்கிற இடத்துல எல்லாரும் பெரிய பெரிய நம்பரா போட ஆரம்பிச்சிடுவாங்க, அது மனுஷ சுபாவம்.

ஸ்ப்ரிண்ட் முடிவுல எது நல்லா போச்சு, எத மாத்தணும்னு டீம் பேசுற ரெட்ரோ பத்தி ஒண்ணே ஒண்ணு, அப்ரைசல் போடுறவர் அந்த ரூம்ல இருந்தா எவனும் உண்மைய பேச மாட்டான், அவர அனுப்பிட்டு நடத்துங்க.

ப்ராடக்ட் ஓனர் அமெரிக்கால இருந்தா இன்னொரு வேலையும் இருக்கு. டவுட்ட ராத்திரி ஒம்போது மணி கால் வரைக்கும் மனசுலயே வச்சிக்காதீங்க. ஷிஃப்ட் முடிஞ்சு கெளம்புறதுக்கு முன்னாடி டிக்கெட்ட எல்லாம் பதிஞ்சு வைக்கிற ஜிரா டூல்ல, அந்த டிக்கெட்லயே கமெண்டா போடுங்க, "இப்படி வந்தா என்ன பண்ணணும், ஏ-வா பி-யா"ன்னு ஒரு வரில பதில் சொல்ற மாதிரி கேளுங்க. பெரும்பாலும் காலைல ஆஃபீஸ் வர்றதுக்குள்ள பதில் வந்திருக்கும்.