குன்றே இல்லாத 'கிருபையின் குன்று'

'ஹில் ஆஃப் கிரேஸ்', அதாவது கிருபையின் குன்று. ஓர் ஆஸ்திரேலிய ஒயினின் பெயர், அதன் திராட்சைத் தோட்டத்துக்கும் அதே பெயர். பெயரைக் கேட்டுவிட்டுப் போனவன் காரைவிட்டு இறங்கியதும் குன்றைத்தான் தேடினேன். ரோட்டோரம் சமதளமாக ஒரு திராட்சைத் தோட்டம், எதிரே கல்லால் கட்டிய சின்னத் தேவாலயம், அவ்வளவுதான்.

"குன்று எங்கண்ணா?"

"அது சர்ச்சோட பேருடா."

சிலேசியாவிலிருந்து வந்து குடியேறிய லூத்தரன் பிரிவுக் கிறிஸ்தவர்கள் தங்கள் தேவாலயத்துக்கு வைத்த பெயர் 'க்னாடன்பெர்க்'. அதன் ஆங்கில வடிவம் தோட்டத்துக்கும், அப்புறம் ஒயினுக்கும் வந்திருக்கிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கு இது. அடிலெய்டில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார்ப்பயணம். மார்ச் கடைசி, மேடெல்லாம் புல் காய்ந்து வைக்கோல் நிறம். இந்தத் தோட்டம் ஹென்ஷ்கி குடும்பத்துடையது. 1868இல் யோஹான் கிறிஸ்டியான் ஹென்ஷ்கி தொடங்கிய ஒயினகத்தை இப்போது ஐந்தாம் தலைமுறையான ஸ்டீஃபனும் அவர் மனைவி புரூவும் நடத்துகிறார்கள். ஒயின் ஸ்டீஃபன் பொறுப்பு, தோட்டம் புரூ பொறுப்பு.

வேலிக்குள் கால் வைக்கக் கூடாது. காரணம் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது, திராட்சையின் வேரை உறிஞ்சியே கொடியைச் சாகடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது இதுதான். அதன் பிறகு அங்கே அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் வளர்க்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இது இன்னும் வரவில்லை. அதனால் 1860 வாக்கில் நட்ட ஷிராஸ் என்ற கருந்திராட்சைக் கொடிகள் இங்கே சொந்த வேரிலேயே நிற்கின்றன. செருப்பில் ஒட்டிய மண்ணோடு பூச்சி வந்தால் கதை முடிந்தது. அண்ணனோ போன மாதம் பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் அந்தப் பூச்சி இருக்கும் யாரா பள்ளத்தாக்குக்குப் போட்டுப் போன அதே ஷூவில் வந்திருந்தார். இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார், பாவம்.

வேலிக்கு வெளியே நின்றே பார்த்தேன். நம்மூர்க் கம்பம் பக்கம் பந்தலில் படரும் திராட்சையைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு மாதிரி. அடிமரம் ஒவ்வொன்றும் முறுக்கிப் பிழிந்த துணி போல இருக்கிறது. மிகப் பழைய பகுதிக்குப் பெயரே 'தாத்தாக்கள்'. பாசனம் கிடையாது, முழுக்க மானாவாரி. ஈரம் காக்க அடியில் வைக்கோல் மூடாக்கு, உரத்துக்கு மட்கு, நன்மை செய்யும் பூச்சிகள் தங்குவதற்காக உள்ளூர்ப் புல்லும் செடிகளும். நம் இயற்கை விவசாயிகள் வந்தால் மொழி தெரியாமலேயே பேசிக்கொள்வார்கள்.

இந்த ஒரே தோட்டத்துப் பழத்தை மட்டும் தனியாகப் புட்டியில் அடைக்கத் தொடங்கியவர் ஸ்டீஃபனின் அப்பா சிரில், 1958இல். அதற்கு முன்பே 1952இல் மவுண்ட் எடல்ஸ்டோன் தோட்டத்தில் அதைச் செய்து பார்த்துவிட்டார். போர்ட், ஷெர்ரி போன்ற, சாராயம் சேர்த்து வலுவூட்டிய ஒயின்தான் ஆஸ்திரேலியாவில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஒரே தோட்டத்துப் பழம் என்பதால், விளைச்சல் கெட்டால் வேறு தோட்டத்துப் பழத்தைக் கலந்து சமாளிக்க வழியில்லை என்பதுதான் சிக்கல். மழை கொட்டித் தீர்த்த 2011இல் ஹில் ஆஃப் கிரேஸ் வெளிவரவே இல்லை. விலையைப் பார்த்து மலைத்த எனக்கு, ஒரு வருடம் முழுக்க வேண்டாம் என்று விட்டார்கள் என்பதைக் கேட்ட பிறகுதான் கொஞ்சம் மரியாதை வந்தது. விலை மட்டும் குறையவில்லை!

சுவைக்கும் கூடத்தில் மவுண்ட் எடல்ஸ்டோன் ஊற்றினார்கள். மிளகு வாசனை தூக்கலாக இருந்தது. பின்னாலேயே கருநிறப் பழங்களின் புளிப்பு. வண்டி ஓட்ட வேண்டிய அண்ணன் ஒவ்வொரு மிடற்றையும் குவளையில் துப்பியதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

கடைசியில் எங்கள் பைக்குக் கட்டுப்படியானது 'ஹென்றிஸ் செவன்'. 1853இல் இந்தப் பக்கத்துக் கெய்ன்டன் ஊரில் முதன்முதலாக ஏழு ஏக்கரில் திராட்சை நட்ட ஹென்றி எவன்ஸின் நினைவாக வைத்த பெயர். அவர் இறந்ததும், மதுவே ஆகாது என்றிருந்த அவர் மனைவி ஒயின் கொடிகளைப் பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அண்ணி புட்டியை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "அந்தம்மா பேர்ல ஒண்ணும் போடலையா?" என்று மட்டும் கேட்டார்.