டோக்கியோ பள்ளியில் ஒரு மதிய நேரம்

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. டோக்கியோவைத் தாண்டி எங்கும் போகப்போவதில்லை என்று தெளிவாகச் சொல்லியும், சென்னையில் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் ஏழு நாள் ரயில் பாஸை என் தலையில் கட்டப் பார்த்தார். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. நகருக்குள் சுற்ற அது வேண்டவே வேண்டாம், காசு ஏற்றிக்கொள்ளும் சுய்க்கா அட்டை போதும். நரிட்டா விமான நிலையத்திலிருந்து டோக்கியோ ஸ்டேஷனுக்கு மலிவான பஸ் இருக்கிறது. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தாலே 500 யென், அதுவும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குத்தான். வாத்தியார் சம்பளத்தில் போகிறவர்கள் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

சித்தி மகள் குடும்பம் நிஷிகசாயில் இருக்கிறது. எதொகாவா வார்டில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதி. அவள் மகன் வார்டு நடத்தும் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பெற்றோர் வந்து வகுப்பில் நின்று பாடம் பார்க்க அங்கே தனியாக ஒரு நாள் உண்டு. “அக்கா, நீங்களும் டீச்சர்தானே, கேட்டுப் பார்க்கிறேன்” என்றாள். மதியம் வரை இருக்கவும் அனுமதி கிடைத்துவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றி, கையோடு கொண்டுபோன உள்செருப்பை மாட்டிக்கொண்டு நுழைந்தோம். கணக்குப் பாடம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் என் கண் நாற்காலிகள் மேலேயே இருந்தது. ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்துத் தைத்த கனமான தலைமூடி ஒன்று மாட்டியிருக்கிறது. நிலநடுக்கம் வந்தால் மேசைக்கு அடியில் புகுந்து, பிறகு அதைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியேற வேண்டும். 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ கண்ட அழிவை எந்தத் தலைமுறைக்கும் மறக்க விடாத ஊர் இது.

அப்புறம் மதிய உணவு. இதற்காகவே இன்னொரு முறை டிக்கெட் போடுவேன்!

ஏழெட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு, தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு பெரிய பாத்திரங்களை வகுப்புக்குத் தூக்கி வந்தார்கள். “பெரியம்மா, இந்த வாரம் என் முறை!” என்று கரண்டியோடு நின்றான் எங்கள் பையன். சோறு, குழம்பு, 200 மில்லி பால். எல்லோருக்கும் ஒரே அளவு வருகிறதா என்று தட்டையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துத்தான் ஊற்றுகிறான். ஆசிரியரும் அதே வரிசையில் நின்று, அதே சோற்றை வாங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மீந்த குழம்புக்குக் கல்-காகிதம்-கத்தரி விளையாடி, ஜெயித்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பால் டப்பாவைக்கூட அலசி, பிரித்து, மறுசுழற்சிக்கு அடுக்கி வைக்கிறார்கள். பிள்ளைகள் வாய் வைக்கும் முன்னே தலைமை ஆசிரியர் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. சுவை பார்க்கும் விதி நம் சத்துணவிலும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அந்தக் கோட்டு முறைக்காரர் வீட்டுக்குப் போகும். துவைத்து இஸ்திரி போட்டுத் திங்களன்று அடுத்தவரிடம் தர வேண்டும். மாத மெனு முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடுகிறது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வரும் நாட்களைத் தங்கை பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் வீட்டு டப்பா.

ஜப்பானில் பள்ளி உணவு 1889இல் ட்சுருவோக்கா என்ற ஊரில், கோயில் வளாகத்துப் பள்ளி ஒன்றில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. சோற்று உருண்டை, உப்பு மீன், ஊறுகாய், அவ்வளவுதான். அதற்கென்று தனிச் சட்டம் வந்தது 1954இல். காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தது 1956. ஏறக்குறைய ஒரே காலம்! அவர்கள் அதைப் பாடவேளைகளில் ஒன்றாகவே ஆக்கிவிட்டார்கள். நாமோ மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் நம் டிபன் பாக்ஸைத் திறக்கிறோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளே வகுப்பைப் பெருக்கித் துடைத்தார்கள். இதைத்தான் எல்லோரும் வீடியோவாகப் போட்டு, நம் பள்ளிகளிலும் வேண்டும் என்கிறார்கள். அப்படியே கொண்டுவந்தால் நான் எதிர்ப்பேன். நம் ஊரில் விளக்குமாறு எந்தப் பிள்ளைகள் கையில் போய்ச் சேரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அங்கே சுவரில் ஒரு வட்ட அட்டை இருக்கிறது. அதைத் திருப்பத் திருப்ப வேலை எல்லோருக்கும் மாறிக்கொண்டே போகும், ஒருவரும் தப்ப முடியாது. ஆசிரியர் கையிலும் துடைக்கும் துணி இருந்தது. கொண்டுவருவதென்றால் அந்த அட்டையையும் அந்த ஆசிரியரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

பார்வையாளருக்குச் சாப்பாடு கிடையாது. வெளியே வந்து கடையில் உமெபோஷி, அதாவது உப்பில் ஊறப்போட்ட ஒரு புளிப்புப் பழம், வைத்த சோற்று உருண்டை வாங்கினேன். நம் நார்த்தங்காய் ஊறுகாய் போலச் சுள்ளென்று புளிப்பும் உப்பும். அத்தனை மலிவில் இவ்வளவு நல்ல சாப்பாடு டோக்கியோவில் வேறு இல்லை. பயணம் முழுக்க என் பர்ஸைக் காப்பாற்றியது அதுதான்.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு: நம் மே விடுமுறைதான் சரியான நேரம். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் மே மாதம் வகுப்புகள் மும்முரமாக நடக்கும். ஆனால் மாதத்தின் முதல் வாரம் அவர்களுக்குத் தொடர் விடுமுறை, அறை வாடகை எகிறும், அது முடிந்ததும் போங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் துறை அனுமதிக்குப் பொங்கல் முடிந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். தெரிந்த பெற்றோர் யாராவது பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டால்தான் உள்ளே போக முடியும். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். உள்செருப்பை மறக்க வேண்டாம்.