கொதிக்க வைத்தாலும் போகாதது

1995 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அந்த இரவு, மழைக்குள் செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். எனக்கு எட்டு வயது. தங்கிய வீட்டுக் கிணற்றில் அம்மம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "சவராக் கிடக்கு, பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ" என்றார். மறு வருடம் ஊர் திரும்பியபோது அவர் முதலில் போனது கிணற்றடிக்குத்தான்.

அந்த நினைவோடுதான் நிலத்தடி நீர் ஆய்வுக்கு வந்தேன். எம்.ஃபில் முன்மொழிவு முழுக்க உப்பைப் பற்றியே எழுதினேன். மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு, "கதை நல்லாயிருக்கு, கேள்வி எங்க?" என்று திருப்பித் தந்தார். இரண்டு மாதம் ஒரு வரி ஓடவில்லை.

அப்போதுதான் அக்காவின் கைக்குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். "கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்" என்றார் அம்மா. ஆனால் கிளினிக் பயந்தது நைத்திரேற்றுக்கு, யூரியா போன்ற உரத்திலிருந்து தண்ணீரில் கரைந்து சேர்வது, கைக்குழந்தைக்கு ஆகாதது. அது கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடும். ருசியும் இல்லை, அம்மம்மாவின் நாக்குக்கே பிடிபடாது. சரி, வெங்காயத் தோட்டங்களுக்குப் பக்கத்துக் குடிநீர்க் கிணறுகளில் அது எந்த மாதம் ஏறுகிறது? கேள்வி கிடைத்தது.

அடுத்த சண்டை கிணறுகளைத் தெரிவு செய்வதில். என் பட்டியலில் இருந்ததெல்லாம் சொந்தக்காரர் கிணறுகள், அதுவும் நான் ஏற்கெனவே பயந்தவை. வரைபடத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கிணறு எடுக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கேள்வியை உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுங்கள், மாதிரியை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

வளர்ந்த விதம் உதவியது கிணற்றடியில். இறைப்பு தொடங்குமுன் விடியப் போய், போத்தலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டே, "கடைசியா எப்ப யூரியா போட்டனீங்கள்?" என்று கேட்பேன். தோட்டக்காரன் மகள் என்பதால் உண்மையைச் சொன்னார்கள்.

வரைபடக் கட்டமொன்றுக்கு எங்கள் கிணறும் தெரிவானது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். மாரி மழைக்குப் பிறகு எங்களுடையது அதைத் தாண்டியிருந்தது. செம்பாட்டு மண்ணுக்குக் கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல், மேலே போட்டது மழையோடு கிணற்றுக்கு இறங்கிவிடும். மேலே போட்டவர் அப்பா. தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப அம்மம்மா குடிச்சதும் இதுதானோ, பிள்ளை?" என்று கேட்டார்.

அந்தக் காலத்து அளவு என்னிடம் இல்லை. அப்பா இப்போது யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுகிறார். ஒவ்வொரு மாரி முடியவும் அந்தக் கிணற்றில் ஒரு போத்தல் எடுக்கிறேன், வாளியில் அள்ளித் தருவது அவர்தான்.