வீணாப் போற சூட்டுல கரண்ட்

கழிவுல கரண்ட்னாலே நம்ம சேலத்துல சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி கழிவுத் தண்ணில எடுக்கற கேஸ்தான் ஞாபகம் வரும், ஆனா அது மரவள்ளிலேர்ந்து வர்றது, புதுப்பிக்கத்தக்கது, நான் சொல்ல வர்றது வேற. ஊதுலைல, அதாவது சூடான காத்த ஊதி இரும்புத்தாதுலேர்ந்து இரும்பு எடுக்கற பெரிய உலைல, இரும்பு உருக்கறப்ப மேல வர்ற புகை இருக்கே, அதுல 20 சதவீதத்துக்கு மேல கார்பன் மோனாக்சைடு, அதாவது இன்னும் எரியக்கூடிய சரக்கு! இயற்கை எரிவாயு குடுக்கற சூட்டுல பத்துல ஒரு பங்குதான் குடுக்கும், ஆனாலும் தூசிய வடிகட்டி பாய்லர்ல எரிச்சா நீராவி வருது, டர்பைன் சுத்துது.

நெதர்லாந்துல டாடா ஸ்டீல் ஆலைப் புகைய பக்கத்துலயே வெல்சன் மின்நிலையத்துக்கு குழாய்ல அனுப்பி எரிக்கறாங்க, ஜப்பான்ல இதையே கேஸ் டர்பைன்ல ஓட்டறாங்க, சைனால சிமெண்ட் சூளைலேர்ந்து 300 டிகிரிக்கு மேல வர்ற சூட்டக்கூட விடறதில்ல. இதுக்குன்னு தனியா நிலக்கரி போடவே வேண்டாம்ங்க!

நம்மூர்லயும் பொட்டனேரி இரும்பாலைல புகைய வச்சு கரண்ட் எடுக்கறாங்க. வெள்ளக்கல் (மேக்னசைட்) சூளைங்க சூட்டையும் யாராச்சும் கணக்குப் போட்டுப் பாக்கணும்னு ரொம்ப ஆசை.

ஆனா இத பசுமை மின்சாரம்னு சொல்றத நான் ஒத்துக்கமாட்டேன், கார்பன் வெளிய வரத்தான் செய்யுது. டயர், பிளாஸ்டிக் எரிக்கறது இன்னும் பயம், டயாக்சின்னு ஒரு கொடிய நச்சு வரும், அதனாலதான் ஐரோப்பால கழிவு எரிக்கற ஆலைல புகை 850 டிகிரில ரெண்டு செகண்டாவது இருக்கணும்னு சட்டமே போட்டிருக்காங்க. அந்த சூட்டையும் நேரத்தையும் தினமும் அளந்து ஊர்சனத்துக்கு காட்டாம இங்க யாரும் அந்த வேலைய ஆரம்பிக்கவே கூடாது.