தாடைக் கட்டியிலிருந்து மரபணுப் பரிசோதனைக்கு

மகளுக்குக் கீழ்த்தாடையில் வீக்கம். எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்தது. எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். கெரட்டோசிஸ்ட் (தாடை எலும்புக்குள் வளரும் ஒருவகை நீர்க்கட்டி) என்று முடிவு வந்ததும் பல் அறுவை மருத்துவர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் தாடையில் கட்டி வந்ததுண்டா சார்?" என்றார். கல்லூரியில் படிக்கும்போது எனக்கும் எடுத்திருந்தார்கள். என் கண்ணுக்குக் கீழே கறுப்பாக, பளபளவென்று இருந்த சிறு புடைப்பையும் கவனித்தார். எங்கள் இருவர் கைகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொன்னார். தோல் ஊறியதும் உள்ளங்கையில் குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள் தெளிவாகத் தெரிந்தன. தாடைக் கட்டியும் தோல் புற்றும் பரம்பரையாக வரும் கார்லின் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்று மரபணு மருத்துவரிடம் அனுப்பினார். அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

அங்கே முதலில் ரத்தம் எடுக்கவில்லை, குடும்ப மரம் வரைந்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவுக்கும் தாடைக் கட்டி இருந்ததை அத்தைக்கு போன் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நோய் உள்ளவர் என்று காட்ட அவருடைய சதுரத்தையும் கறுப்பாக்கினார்கள்.

பிறகு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 9ஆம் குரோமோசோமில் பிடிசிஎச்1 என்ற மரபணு இருக்கிறது. 'பிரிந்து பெருகு' என்று செல்லுக்குப் போகும் உத்தரவை அடக்கிவைப்பது அதன் வேலை. இந்த நோயோடு அதற்குள்ள தொடர்பு 1996இல் தெரியவந்தது. எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதிகள். எங்களுக்குப் பிறவியிலேயே ஒன்று பழுது, மற்றது தனியாகக் காவல் காக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் ஏதாவதொரு தோல் செல்லில் அதையும் கெடுத்துவிட்டால், அந்த இடத்தில் பேசல் செல் புற்று என்ற ஒருவகைத் தோல் புற்று தொடங்கலாம். பி53 என்ற இன்னொரு மரபணுவும் துணைக்கு நிற்கிறது. வெயிலில் டிஎன்ஏ அடிபட்டால் செல் பிரிவதை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் கொடுக்கும். தேறாத செல்லைச் சாகவைக்கும். வெயிலில் வெந்த தோல் உரிவதில் இதற்கும் பங்குண்டு என்றார். இவ்வளவு வேலை நம் தோலுக்குள் ஓயாமல் நடக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தோம், எனக்குத் தூக்கமே இல்லை. அறிக்கையில் இருவருக்கும் பிடிசிஎச்1இல் ஒரே மாற்றம். என் கண்ணுக்குக் கீழே இருந்தது பேசல் செல் புற்றுதான். உள்ளூர் மயக்கமருந்து கொடுத்து எடுத்தார்கள். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை.

மருத்துவர் அழுத்திச் சொன்னது இதைத்தான்: எங்களுக்கு ரேடியேஷன் சிகிச்சையைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும். கதிர் பட்ட இடத்திலேயே புதுக் கட்டிகள் கிளம்பக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். மகள் முழுக்கை, தொப்பி, சன்ஸ்க்ரீன் இல்லாமல் மைதானத்துக்குப் போவதில்லை. தோலையும் தாடையையும் தவறாமல் பார்த்துக்கொள்கிறோம்.

தங்கைக்கும் இந்த மாற்றம் இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. அறிக்கையின் நகலை அவளுக்கு அனுப்பினேன். எங்களிடம் கண்டுபிடித்த அந்த மாற்றத்தை மட்டும் தேடினால் போதும் என்பதால் அவளுக்குப் பரிசோதனை எளிது. ரத்தம் கொடுத்திருக்கிறாள், முடிவு இன்னும் வரவில்லை.