குவாண்டம் டாட் மங்குவது மேற்பரப்பால்தான்

குவாண்டம் டாட் என்பது சில நானோமீட்டரே உள்ள, ஒளிரும் குறைக்கடத்திப் படிகம். அதைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அளவோடு நின்றுவிடுகின்றன. சின்னதாக இருந்தால் நீலம், பெரிதானால் சிவப்பு, 2023 வேதியியல் நோபல், அவ்வளவுதான். அளவு நிறத்தைத் தீர்மானிக்கிறது, சரி. வெளிச்சம் வருமா வராதா என்பதை மேற்பரப்புதான் தீர்மானிக்கிறது, அதை யாரும் சொல்லாமல் போவது எனக்குப் பெரிய ஆதங்கம்.

3 நானோமீட்டர் படிகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான அணுக்கள் வெளிப்புறத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பக்கம் பக்கத்து அணு கிடையாது. பிடிக்க ஆளில்லாத அந்தப் பிணைப்பில் எலெக்ட்ரானோ, எலெக்ட்ரான் விட்டுப்போன காலியிடமான துளையோ போய் மாட்டிக்கொண்டால் ஃபோட்டானாக வரவேண்டிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். உள்ளே படிகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இப்படி ஒரே ஒரு பொறி (டிராப்) இருந்தால் போதும், அந்த டாட் இருண்டுவிடும். காட்மியம் செலினைடில் இதற்கு 1996-லேயே வழி கிடைத்தது: மேலே துத்தநாக சல்பைடு ஓடு வளர்த்ததும் அறை வெப்பநிலையில் ஈல்டு (உள்வாங்கிய ஃபோட்டான்களில் ஒளியாகத் திரும்பி வருவதன் பங்கு) 50% வந்தது.

ஆனால் ஐரோப்பாவில் மின்னணுப் பொருட்களில் காட்மியம் எடையில் 0.01%-க்கு மேல் கூடாது, அதனால் எல்லோரும் இண்டியம் பாஸ்பைடுக்கு வந்தோம். அது பொல்லாத பொருள். சும்மா செய்தெடுத்தால் யூவி விளக்கின் கீழ் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது, ஈல்டு 1%-ஐத் தாண்டுவதே அபூர்வம். மேற்பரப்பு அவ்வளவு சுலபமாக ஆக்ஸைடு ஆகிவிடும். காற்றுப் படாமல் ஆர்கானில் வைத்துச் செய்தாலும், டாட் செய்யக் கலவையில் சேர்க்கும் கொழுப்பு அமிலமே சூட்டில் சிதைந்து கொஞ்சம் தண்ணீர் விடுகிறது, அதுவே போதும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அந்த ஆக்ஸைடுப் படலத்தைக் கரைத்துவிடுகிறது, கழற்றிய இடத்தில் ஃபுளோரைடு உட்கார்ந்து மூடியும் விடுகிறது, அதுவரை செத்துக் கிடந்த குப்பி யூவியில் பளிச்சென்று எரியும். (பக்கத்தில் அது பட்டால் தடவ வேண்டிய முதலுதவி மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் அந்த அமிலத்தைத் தொடவே தொடாதீர்கள்.) 2019-ல் சாம்சங் குழு துத்தநாக செலினைடு ஓடு வளர்க்கும்போதே இந்த அமிலத்தைச் சேர்த்து, ஏறக்குறைய 100% ஈல்டும், சிவப்பு எல்இடியில் 21.4% வெளிக் குவாண்டம் திறனும் (செலுத்திய எலெக்ட்ரான்களுக்கு எத்தனை ஃபோட்டான் வெளியே வருகிறது என்ற விகிதம்) காட்டியது. செலினைடை முதலில் போடுவதற்குக் காரணம் உண்டு: இண்டியம் பாஸ்பைடுக்கு துத்தநாக சல்பைடோடு அணு இடைவெளி வித்தியாசம் சுமார் 8%, செலினைடோடு 3% சொச்சம்தான். வித்தியாசம் அதிகமானால் ஓட்டுக்கும் உட்கருவுக்கும் நடுவே புதுக் குறைகள் முளைக்கும்.

அப்புறம் கழுவுதல். எத்தனால் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுற்றும் ஒவ்வொரு தடவையும் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் மூலக்கூறுகளான லிகண்ட் கொஞ்சம் கழன்று போகிறது, ஓடு மெல்லியதாக இருந்தால் வெளிச்சம் கண்ணெதிரே மங்கும். அதனால் யாராவது ஈல்டு எண்ணைச் சொன்னால், எத்தனை தடவை கழுவிய பிறகு அளந்தது, கரைசலிலா படலத்திலா என்று கட்டாயம் கேளுங்கள். எல்இடிக்குள் போவது கழுவிப் படலமாக்கிய டாட்தான்.