ஜோடி வாங்கிப் போடுவதற்கு முன்னால்

"அக்கா, பெர்சியன் ஒரு ஜோடி வாங்கிப் போடலாம்னு இருக்கேங்க. வருஷத்துக்கு எத்தனை குட்டிங்க கிடைக்கும்?" என்று கேட்டு, பெர்சியன் பூனைகளை இனம் பெருக்கிவரும் எனக்கு அடிக்கடி போன் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்த வயதுப் பிள்ளைகள். பூனை மேல் உண்மையிலேயே ஆசை உள்ளவர்கள். அதனால் பொறுமையாகத்தான் பேசுவேன். ஆனாலும் போனில் சொன்னதில் பாதி மறந்துபோகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் அந்த "ஜோடி" விஷயம். இங்கே கோவையில் ஜோடி என்று விற்கப்படும் குட்டிகளில் பல ஒரே ஈத்தில் பிறந்தவை. அண்ணனும் தங்கையும். அவற்றைச் சேர்த்தால் குட்டி பிறக்கத்தான் செய்யும். ஆனால் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒளிந்திருக்கும் ஒரே கோளாறு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. விற்பவரிடம் தாய் யார், தகப்பன் யார், அவற்றின் தாய் தகப்பன் யார் என்று கேளுங்கள். "பேப்பர் இருக்கு" என்று சொன்னால் அந்த வம்சாவளிச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பெயர்களைப் படியுங்கள். மூன்று தலைமுறைக்குள் ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் நான் வாங்க மாட்டேன்.

இரண்டாவது, கருத்தடை. இனம் பெருக்க நினைப்பவரிடம் கருத்தடை பற்றிப் பேசுகிறேனே என்று சிலர் திகைக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்த வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் இருக்கும் பூனைகளில் எது குட்டி போடக்கூடாது என்று தீர்மானிக்கத் தெரியாதவரிடம் எது போடலாம் என்ற முடிவை நம்பி விட முடியாது.

என்னிடம் கருப்பட்டி என்றொரு கடுவன் இருக்கிறான். புகைக் கருப்பு உடம்பு, செம்பு நிறக் கண், அகன்ற மார்பு. அவன் வளர வளர மேட்டிங்குக்குக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாருக்கும் சரி சொல்வதற்கு முன் அவன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். பி.கே.டி. பாசிட்டிவ் என்று வந்தது. அந்த வாரமே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்துவிட்டேன்.

பி.கே.டி. என்பது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் நோய். குட்டி பிறக்கும்போதே கட்டிகள் இருக்கும், ஆனால் மிகச் சிறியதாக. வருடங்கள் போகப் போக அவை பெரிதாகி, நல்ல திசுவை நெருக்கி, கடைசியில் சிறுநீரகம் கைவிட்டுவிடும். அறிகுறி தெரிவது பெரும்பாலும் 3 வயதிலிருந்து 10 வயதுக்குள், சராசரியாக 7 வயதில். இதில் உள்ள கொடுமை என்னவென்றால், 7 வயதுக்குள் ஒரு கடுவன் எத்தனையோ ஈத்துக்குத் தகப்பனாகிவிடும். பார்க்க ஆரோக்கியமாக, முடி பளபளக்க, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே அது நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும். இது ஓங்கு மரபணு. தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தால் போதும், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பாதி வாய்ப்பு. பழைய ஆய்வுகளில் பெர்சியன் பூனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த நோய் இருந்தது.

2004ல் இதற்குக் காரணமான பிகேடி1 மரபணு மாற்றத்தைக் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு எந்த வயதிலும் ஒரு குச்சியால் தேய்த்தெடுத்தே கண்டுபிடிக்கலாம் என்றாகிவிட்டது. அதாவது, பெற்றோர் இரண்டையும் சோதித்தாலே அடுத்த தலைமுறையில் இந்த நோயை வீட்டைவிட்டே விரட்டிவிடலாம். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒரு நோயைச் சோதனைச் செலவுக்குக் கணக்குப் பார்த்து விட்டுவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கருப்பட்டி என்னுடனே இருக்கிறான். கடுவனுக்குரிய நாற்றமும் சண்டையும் போய், மடியில் ஏறிப் படுக்கிற பூனையாகிவிட்டான். சிறுநீரகத்தை ஸ்கேனில் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறோம்.

அப்புறம் முகம். நம் ஊர் வியாபாரத்தில் டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச், எக்ஸ்ட்ரீம் பஞ்ச் என்று நாலு விலை. முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு விலை. ஆனால் முகம் தட்டையாகும்போது கண்ணீர்க் குழாய் மடங்கிப்போகிறது. கண்ணிலிருந்து எப்போதும் நீர் வழிந்து கன்னத்தில் பழுப்புக் கறை. மூக்குத் துளை இடுங்கி, நம் சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தாடை முன்னால் தள்ளி, தீவனத்தைக் கவ்வவே சிரமப்படும். குட்டியின் தலை அகலமாக இருப்பதால் பிரசவத்தில் மாட்டிக்கொள்ளவும் செய்யும். இங்கிலாந்தில் பூனை இனங்களைப் பதிவு செய்யும் ஜி.சி.சி.எஃப். அமைப்பு பெர்சியன் தர விதியில் ஒரு எல்லைக் கோடு வைத்திருக்கிறது: மூக்கின் மேல் விளிம்பு, கண்ணின் கீழ் விளிம்பைத் தாண்டி மேலே போகக்கூடாது. பூனையை நேருக்கு நேர் வைத்து ஒரு போட்டோ எடுத்து, கண்ணுக்குக் கீழே ஸ்கேலை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். நான் அந்தக் கோட்டுக்கு இன்னும் கீழே மூக்கு உள்ளவற்றையே சேர்க்கிறேன். என் குட்டிகளுக்கு விலை குறைவாகத்தான் கிடைக்கும். குறட்டை விடாமல் தூங்கும்.

இதே காரணத்துக்காகத்தான் ஸ்காட்டிஷ் ஃபோல்டு பக்கமே நான் போவதில்லை. 1961ல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் காது மடிந்த சூசி என்ற பூனையைக் கண்டெடுத்ததில் ஆரம்பித்த இனம் அது. காதை மடக்குகிற அதே மரபணு மாற்றம்தான் உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. மூட்டுகள் இறுகி, வால் விறைத்து, சின்ன வயதிலேயே நடக்க வலிக்கும். ஜி.சி.சி.எஃப். 1970களிலேயே அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அந்த இனத்தைப் பொறுப்போடு பெருக்க வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரத்த வகை பற்றி இங்கே பேசுபவர்கள் குறைவு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். பூனைகளில் முக்கியமாக ஏ, பி என்று இரண்டு வகை. பி வகைப் பூனையின் ரத்தத்தில் ஏ வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் இயல்பாகவே, அதுவும் பலமாக இருக்கும். தாய் பி, தகப்பன் ஏ என்றால் குட்டிகளில் ஏ வகை பிறக்கும். பிறந்தபோது குட்டிகள் நன்றாகவே இருக்கும். சீம்பால் குடித்ததும் அந்த எதிர்ப்பொருள் குட்டியின் குடல் வழியே ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் அடர்ந்த பழுப்புச் சிவப்பில் போகும். ஓரிரு நாளில் குட்டி துவண்டு இறந்துவிடும். "பூனைக்குத் தோஷம், குட்டி தங்கறதில்லைங்க" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ரத்த வகையைத்தான். பெர்சியனிலும் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரிலும் பி வகை சாதாரணமாகவே உண்டு.

என் மல்லி பி வகை. சோதனையில் தெரிந்ததும் பி வகைக் கடுவனைத்தான் தேடினேன். பி.கே.டி. இல்லாத, முகம் சரியான, உறவில்லாத கடுவனாகக் கிடைத்தது ஏ வகை. அதனால் வேறு வழியில் போனோம். குட்டியின் குடல் இந்த எதிர்ப்பொருளை உள்ளே விடுவது முதல் ஒரு நாள் வரைதான். என் இன்னொரு பெட்டை செவந்தி ஏ வகை. இருவரும் ஒட்டி ஒட்டி ஈனும்படி நாள் பார்த்துச் சேர்த்தோம். மல்லி ஈன்றதும் பழைய பனியன் துணியில் நாலு காலுக்கும் ஓட்டை வெட்டித் தைத்து வைத்திருந்த சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டேன். மடி முழுக்க மூடிக்கொண்டது. குட்டிகளை நக்கலாம், அணைத்துப் படுக்கலாம், பால் மட்டும் தர முடியாது. அந்த ஒரு நாள் குட்டிகள் செவந்தியிடம் குடித்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கூடை மாற்றி மாற்றி வைத்தேன். செவந்தி கணக்கே பார்க்கவில்லை, வந்த குட்டியையெல்லாம் நக்கிச் சேர்த்துக்கொண்டாள். 24 மணி நேரம் கழிந்ததும் மல்லியின் சட்டையைக் கழற்றினேன். எல்லாக் குட்டியும் தங்கின.

மேட்டிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஹீட், அதாவது பெட்டை இணை தேடும் பருவம், நாலைந்து மாதத்திலேயே வந்துவிடலாம். அது இன்னும் குட்டி. ஒரு வயது முடியாமல் சேர்க்காதீர்கள். குளிர் நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் ஹீட் வரும். நம் ஊரில் வருடம் முழுக்க வெளிச்சம், வருடம் முழுக்க ஹீட். அதனால் இடைவெளியை நாம்தான் பார்த்து விட வேண்டும். சேர்ப்பதற்கு முன் இரண்டு பூனைக்கும், பூனையிலிருந்து பூனைக்குத் தொற்றும் எஃப்.ஐ.வி., லுக்கீமியா வைரஸ் சோதனை. சேர்த்த பிறகும் பெட்டையைச் சில நாள் வெளியே விடக்கூடாது. ஒரே ஹீட்டில் இரண்டு கடுவனோடு சேர்ந்தால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறக்கும், உங்கள் பேப்பர் பொய்யாகிவிடும்.

63லிருந்து 67 நாளுக்குள் ஈனும். மருத்துவரின் எண்ணையும், அவர் இல்லாவிட்டால் நடு இரவில் யார் சிசேரியன் செய்வார் என்பதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அதற்குப் பிறகு என் தெய்வம் சமையலறைத் தராசு. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஃபிளானல் துணி விரித்து, தராசை சைபருக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குட்டியாக வைப்பேன். ஒரே நிறமாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்தில் கொஞ்சம் முடி கத்தரித்து அடையாளம் வைத்துவிடுவேன். பிறக்கும்போது 90லிருந்து 110 கிராம் இருக்கும். முதல் நாள் ஒன்றிரண்டு கிராம் குறைந்தால் பரவாயில்லை. பிறகு தினமும் 10லிருந்து 15 கிராம் ஏற வேண்டும். குட்டி கத்துவதற்கும் துவளுவதற்கும் முன்பே எடை சொல்லிவிடும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே அன்று புட்டிப்பால் சேர்த்துக் கொடுப்பேன், மறுநாளும் நின்றால் மருத்துவர். முதல் வாரத்தில் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பெட்டியின் ஒரு பக்கம் 30 டிகிரி அளவில் கதகதப்பாக இருக்கட்டும். மறுபக்கம் தாய் விலகிப் படுக்க இடம் வேண்டும். ஏசி, ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது.

குட்டிகளை 45 நாளில் கொடுத்துவிடுவதுதான் இங்கே வழக்கம். அந்த வயதில் பந்து போலிருக்கும், உடனே விற்கும், தடுப்பூசிச் செலவும் மிச்சம். நாய் இனப்பெருக்கத்துக்கு 2017ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது, எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த விதிகள் பூனையைப் பற்றிப் பேசவில்லை, பூனைக்கு நானே ஒரு எல்லை வைத்திருக்கிறேன். நான் 12 வாரத்துக்கு முன் கொடுப்பதில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் குட்டி மனிதரைப் பழகும் காலம். அதற்குப் பிறகு தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் அடிபட்டுத்தான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம், எப்போது நகத்தை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று படிக்கிறது. 8 வாரத்தில் மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ட்ரைகேட் தடுப்பூசி ஒன்று, 12ல் இன்னொன்று, கூடவே வெறிநாய்க்கடி ஊசி. 16ல் போட வேண்டியதை வாங்குபவரிடம் எழுதிக் கொடுக்கிறேன். பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் தொற்று ஒரு வீட்டுக்குள் வந்தால் குட்டிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடும். இதில் சிக்கனம் கூடாது.

"தெருவில் இத்தனை நாட்டுப் பூனை வீடில்லாமல் இருக்கும்போது எதற்கு இது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பூனை ஒன்று வேண்டும், எதுவானாலும் சரி என்று என்னிடம் வருபவர்களை நானே மீட்பு அமைப்புகளிடம் அனுப்பிவிடுவேன். நாட்டுப் பூனைக்கு நம் வெயிலும் ஒத்துக்கொள்ளும், முடி சீவும் வேலையும் இல்லை. பெர்சியன்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் எப்படியும் எங்காவது வாங்கத்தான் போகிறார். சோதனை செய்த, மூச்சு விட முடிகிற ஒரு குட்டி அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறேன். அதற்கு ஈடாக நான் செய்யக்கூடியது, என் வீட்டில் பிறந்த ஒன்றுகூடத் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும், வளர்க்க முடியவில்லை என்றால் என்னிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்குகிறேன். செல்லமாக வளர்க்க வாங்குபவர்கள் கருத்தடை செய்த சான்றிதழை அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் பணம் நிற்குமா என்று கேட்பார்கள். ஒரு சிசேரியன் வந்தால் அந்த ஈத்தின் வரவு அதோடு சரி. சம்பாதிக்க வேறு வேலை வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

இப்போது செவந்தியின் இந்த ஈத்தில் இரண்டு குட்டிகளுக்கு வீடு முடிவாகிவிட்டது. மூன்றாவதைக் கேட்டிருக்கும் தம்பதி நல்லவர்கள், ஆசையாக இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வீடு ஆறாவது மாடி, பால்கனி திறந்தே இருக்கிறது. வலை அடித்து போட்டோ அனுப்புங்கள், அப்புறம் குட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.